என்னைச் சுழியர் என்று கூப்பிட்ட பிள்ளைகளுக்கு

1

போன தை மாதம் ஊருக்கு வந்தனான். ஊர்காவற்றுறை பஸ்ஸிலிருந்து பெட்டியோடு இறங்கும்போது வெள்ளைச் சீருடையில் நாலு பிள்ளைகள் மதகில் இருந்தீர்கள். ஒருத்தர் மற்றவரின் விலாவில் இடித்து, "உவர்தான்ரா சுழியர்" என்றீர்கள். நான் திரும்பிப் பார்த்தேன். நாலு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினீர்கள். ஒருத்தருக்கு முழங்காலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. இப்போது ஆறியிருக்கும்.

உங்களோடு எனக்குக் கோபம் இல்லை. உங்கள் பள்ளிக்கூட மலரில் அச்சடித்திருந்ததை வாசித்தீர்கள். அச்சில் வந்தால் உண்மை என்று நினைத்தீர்கள். உங்கள் வயதில் நானும் அப்படித்தான். என் கோபம் அதை எழுதினவரோடு.

இந்த வருட மலருக்கு அதிபர் என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார். "அவுஸ்திரேலியாவில இருக்கிறியள், பிள்ளையளுக்குப் பிரயோசனமா ஏதாவது எழுதுங்கோ" என்றார். விடாமுயற்சி, ஒழுக்கம், நேரம் தவறாமை பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எனக்கு வடிவாகத் தெரிந்த ஒரு விசயம் இருக்கிறது. ஒருவரைப் பழிவாங்க நான் இரண்டு வருடம் காத்திருந்தேன். அதை எழுதுகிறேன்.

2

மெல்பேர்ணில் கதவு செய்கிற தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். காலை ஆறு மணிக்கு வாள் சுத்தத் தொடங்கும். பத்து மணிக்குத் தேத்தண்ணி. அந்த இருபது நிமிடமும் அங்கே ஒரே கதை, ஃபுட்டி. முதல் மூன்று வருடம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூலையில் இருந்து பாணைச் சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போவேன். நாலாம் வருடம் ஒரு கழகத்தைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த பிறகுதான் என்னை மனிசனாக மதித்துக் கதைத்தார்கள். கழகத்தின் பெயரை எழுத மாட்டேன். அது தோற்கிற கழகம், அவ்வளவு போதும்.

ஃபுட்டி நீங்கள் விளையாடுகிற உதைபந்து இல்லை. பந்து முட்டை மாதிரி. மைதானமும் முட்டை மாதிரி. ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். நாலு கம்பம் நட்டிருக்கும், நடு இரண்டுக்கும் இடையில் உதைத்தால் ஆறு புள்ளி.

விளையாட்டைவிடப் பெரிய விசயம் அதற்குப் பிறகு நடக்கும். வருடம் முடிந்ததும் நாடு முழுவதிலும் உள்ள கெட்டிக்காரப் பெடியன்களைக் கழகங்கள் வரிசையில் நின்று தெரிவு செய்யும். அதை ட்ராஃப்ட் என்பார்கள். கடைசியாக வந்த கழகம் முதல் ஆளை எடுக்கும். பெடியனுக்கு அதில் வாய் இல்லை. பேர்த்தில் பிறந்தவனை மெல்பேர்ண் கழகம் எடுத்தால், அவன் நாலு மணித்தியாலம் பிளேனில் இருந்து மெல்பேர்ணுக்கு வரவேண்டியதுதான். அதற்கு முன்னம் ட்ரேட் நடக்கும். கழகங்கள் ஆளைக் கொடுத்து ஆளை வாங்கும், அல்லது ஆளைக் கொடுத்து வரிசையில் நல்ல இடம் வாங்கும்.

வெள்ளைக்காரர் இதைப் பியர் குடித்துக்கொண்டு கதைப்பார்கள். நாங்கள் யாழ்ப்பாணத் தீவார் அதற்குச் சங்கம் வைத்தோம். பன்னிரண்டு பேர். அதில் ஒன்பது பேருக்குப் பதவி. கடிதத் தலைப்பும் ரப்பர் முத்திரையும் உண்டு. யாரை எடுக்கவேண்டும், யாரை விடவேண்டும் என்று முன்மொழிந்து, வழிமொழிந்து, தீர்மானம் நிறைவேற்றி, கையெழுத்து வைத்து, ஆங்கிலத்தில் மகஜராகக் கழகத்துக்கு அனுப்புவோம். கழகம் ஒரே ஒருமுறை பதில் போட்டது. "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி." அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

தலைவர் கதிர்காமு அண்ணர். அந்த நாளில் குறிகட்டுவான் பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர். இப்பவும் கூட்டத்தை பஸ் மாதிரித்தான் நடத்துவார். வாசலில் நிற்கிறவரை "உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ" என்பார். செயலாளர் புங்குடுதீவு குகதாசன். குகன் என்போம். படித்தவன், கணக்காளன், என்னைவிட இரண்டு வயது இளமை. கூட்டம் அவன் வீட்டுக் கராஜில்தான். கூட்டறிக்கை எழுதுகிறவனும் அவன்தான்.

3

அந்த வருடம் எங்களுக்கு நாலாவது தெரிவு கிடைத்தது. யாரை எடுக்கச் சொல்லி எழுதுவது என்று கூட்டம். பலராட் பக்கத்து நெடுவல் ஒருவன், பேர்த்தில் ஓட்டக்காரன் ஒருவன்.

"உயரமானவனை எடுப்பம்" என்றார் ஒருவர்.

"உயரம்தான் வேணுமெண்டால் எங்கட பனை ஒண்டைக் கொண்டந்து நடலாம்" என்றான் நெடுந்தீவு மகேந்திரன். "பந்து பிடிப்பானோ எண்டதைப் பாருங்கோ."

குகன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். "பேர்த் பெடியன்தான். ஓட்டத்தில முதல், பாய்ச்சலில இரண்டாவது. தரவு சொல்லுது."

"தரவு முந்தியும் ஒருத்தனைச் சொன்னது. அவன் இப்ப மீன் விக்கிறான்."

"மீன் விக்கேல்லை அண்ணை. வீடு விக்கிறான்."

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். குகன் பேர்த் பெடியனின் வீடியோ ஒன்றைப் போட்டான். பெடியன் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டினான். கமரா மேலே நின்றது. உச்சியில் இரண்டு சுழி, பக்கத்தில் பக்கத்தில், தெளிவாக.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "உவன் நிக்கமாட்டான்" என்றேன்.

"என்ன அண்ணை?"

"இரட்டைச் சுழி. கட்டையில நிக்காது."

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். எங்கள் ஐயா சுருவில் ஊரில் மாடு பார்க்கிறவர். கரம்பனிலோ நாரந்தனையிலோ ஆராவது நாம்பன் மாடு வாங்கப் போனால் ஐயாவைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். அவர் மாட்டைச் சுற்றி ஒருமுறை நடப்பார், சுழியைப் பார்ப்பார், "வாங்கு" என்பார், அல்லது பேசாமல் படலையால் வெளியே வருவார். நெற்றியில் இரட்டைச் சுழி கிடந்தால் கயிறு அறுக்கும் என்பது அவர் கணக்கு. நான் சின்ன வயதில் அவரோடு திரிந்தவன். எந்தத் தலையைக் கண்டாலும் கண் முதலில் சுழிக்குத்தான் போகும். தொழிற்சாலை மனேஜருக்கு வலப்பக்கச் சுழி. அது நல்லது.

சபை சிரித்தது. அதைத் தாங்கியிருப்பேன். குகன் எழும்பி நின்றான்.

"தவமண்ணை, வாலையும் ஒருக்காத் தூக்கிப் பார்ப்பமோ? பல்லையும் எண்ணிப்போட்டு விலை பேசுவம்."

பிறகு, சிரிப்பு அடங்க முன்னம், "தேப்பனும் உப்பிடித்தானே சீவிச்சவர்" என்றான்.

வீட்டுக்குள் அவன் மகளோடு இருந்த என் மகள் அபிரா, சிரிப்புச் சத்தம் கேட்டுக் கதவடிக்கு வந்து நின்றாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த கிழமை கூட்டறிக்கை வந்தது. "சுருவில் திரு. தவராசா அவர்கள் பெடியனின் தலையில் சுழி பார்த்துக் கூறிய கருத்து, சபையோரின் பலத்த சிரிப்புடன் நிராகரிக்கப்பட்டது."

இந்த நாட்டில் எழுத்தில் ஏறினால் இறங்காது. எனக்கு இது முதல் தரம் இல்லை. குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது தகப்பனின் தொழில் என்ன என்று படிவத்தில் கேட்டிருந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மாடு பார்க்கிறவர் என்று எழுதினேன். கந்தோரில் இருந்த பெண் வாசித்துவிட்டு, "கமக்காரரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "மாடு வளர்ப்பவரா?" இல்லை என்றேன். "மாட்டைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பாரா?" ஓம் என்றேன். அவள் ஏதோ தட்டினாள். வீட்டுக்கு வந்து பார்த்தால், தொழில் இல்லாதவர் என்று கிடந்தது. மாற்றுவதற்கு மூன்று தரம் போனேன். மூன்று தரமும் வேறு வேறு வரிசையில் நிற்க வைத்தார்கள். விட்டுவிட்டேன்.

அந்தப் பெண் தெரியாமல் எழுதினாள். குகன் தெரிந்து எழுதினான். அந்த வருடம் சங்கம் உங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பந்துகள் அனுப்பியது. அதோடு சேர்த்து அவன் அறிக்கைகளையும் அனுப்பினான். மலர்க்குழு வரி விடாமல் அப்படியே போட்டது. ஐயா நடந்து திரிந்த ஊரிலேயே அந்த வரி வீடு வீடாகப் போனது.

4

கழகம் பேர்த் பெடியனைத்தான் எடுத்தது. அவன் நல்லாய் விளையாடினான்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, ஆனால் எழுதத்தான் வேணும். சொந்தக் கழகத்துப் பெடியன் தோற்கவேண்டும் என்று இரண்டு வருடம் நேர்ந்துகொண்டவன் நான். அவன் நாலு தரம் ஆறு புள்ளி அடித்த நாளில் எங்கள் ஆட்கள் எல்லாரும் எழும்பி நின்று கை தட்டினார்கள். நான் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தேன். "தவமண்ணை, கயிறு இன்னும் அறுக்கேல்லைப்போல?" என்று குகன் பின்வரிசையிலிருந்து கேட்டான். எனக்குப் பக்கத்தில் அபிரா தொண்டை கட்டக் கத்தினாள். அவள் போட்டிருந்த உடுப்பில் அந்தப் பெடியனின் இலக்கம்.

பிள்ளையார் கோயிலில் நான் கும்பிட்டது என்ன தெரியுமா? அவனுக்குத் தொடை நரம்பு பிடிக்கவேண்டும் என்று. அடுத்த கிழமை பிடித்தது. மூன்று ஆட்டம் விளையாடவில்லை. பயந்துபோயிருப்பேன் என்று நினைக்கிறீர்கள். போய்த் தேங்காய் உடைத்தேன்.

அபிராவுக்கு என்னோடு இருந்த பேச்சு இந்த நாட்களில் குறைந்துகொண்டே வந்தது. என் தமிழுக்கு அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். சாப்பாட்டு மேசையில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கதைக்கக்கூடியது ஃபுட்டி ஒன்றுதான். அதிலும் அவள் கதைப்பது அவனைப் பற்றி. "எவ்வளவு வேகம் அப்பா, பார்த்தீங்களா?" என்பாள். "ம்" என்பேன். என் மனைவி கமலா குசினிக்குள் இருந்து, "மனிசனுக்கு வயித்துக்குத்துப்போல கிடக்கு" என்பாள். என்ன குத்து என்று அவளுக்குத் தெரியும்.

5

போன ஐப்பசியில் செய்தி வந்தது. பேர்த் பெடியன் ட்ரேட் கேட்கிறான். தாய் வீட்டுக்குப் பக்கத்தில், தன்ரை ஊரில் விளையாடவேண்டுமாம். ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. கழகம் விரும்பினால் விடலாம், அல்லது பிடித்து வைக்கலாம்.

அபிரா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி அழுதாள். நான் குசினியில் தேத்தண்ணி போட்டேன். சீனி கூடப் போட்டேன். அவள் அழுகிற சத்தம் கேட்கக் கேட்க எனக்கு அந்தத் தேத்தண்ணி இனித்தது. உங்களிடம் இதை மறைக்கவேண்டிய தேவை எனக்கு இல்லை.

சங்கத்து வட்ஸ்அப்பில் குகன் இரண்டு நாள் மூச்சும் விடவில்லை. நான் மட்டும் ஒவ்வொரு நாளும் எழுதினேன். "விடக்கூடாது. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். இரண்டாம் அணியில கிடந்து உழலட்டும்." அதில் பாதி அந்தப் பெடியனுக்கு, பாதி அவனை எடுக்கச் சொன்ன குகனுக்கு. அபிரா மூன்றாம் நாள் முகம் கழுவிக்கொண்டு வந்து, "பாவம் அப்பா. அவனுக்கு இங்கே ஒருத்தரும் இல்லை. விட்டால் என்ன?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கூட்டம். அபிராவும் வந்தாள். மகஜரை ஆங்கிலத்தில் தட்டுவது எப்போதும் அவள்தான். நான் அலுமாரியிலிருந்து அந்தப் பழைய கூட்டறிக்கையை எடுத்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

கூட்டம் தொடங்க முன்னம் குகன் என்னைக் குப்பைத் தொட்டியடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். மெலிந்திருந்தான்.

"தவமண்ணை, நேரா வாறன். அவனைப் பிடிச்சு வைக்கச் சொல்லி மகஜர் போகோணும். நான் எடுக்கச் சொன்ன பெடியன். இப்பிடிப் போனால் என்ர முகம் என்ன? அஞ்சு பேர் என்ர பக்கம், அஞ்சு பேர் விடச்சொல்லி நிக்கினம். தலைவர் வாக்குப் போடமாட்டார். நீங்கள்தான் மிச்சம்."

"நான்தான் ஒவ்வொரு நாளும் எழுதுறனே."

"எழுதுறியள். எண்டாலும் எனக்குப் பயம். உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்கோ."

"அந்த வரி."

"எந்த..." என்று தொடங்கி நிறுத்தினான். "சரி. எடுத்துவிடுறன்."

"எடுக்கிறது காணாது. நீர் எழும்பி நிண்டு திருத்தம் வாசிக்கோணும். நான் எழுதித் தாற மாதிரி."

அவன் வேலியைப் பார்த்தான். "வாசிச்சால் கை என்ர பக்கமோ?"

"ஓம்."

"சத்தியமோ?"

"ஓம் எண்டு சொல்லியாச்சு."

கதிர்காமு அண்ணர் மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார். எல்லாரும் கதிரைகளில் இருந்தோம். முதல் விடயம், முந்திய அறிக்கையில் திருத்தம். குகன் எழும்பினான். நான் எழுதிக் கொடுத்த கடதாசியை விரித்தான்.

"சுருவில் திரு. தவராசா அவர்கள் கூறிய கருத்துச் சரியென்று காலம் காட்டியுள்ளது. சபை சிரித்தது பிழை. அன்னாரின்..." அந்த இடத்தில் ஒரு மூச்சு எடுத்தான். "அன்னாரின் தகப்பனார், மாடு பார்ப்பதில் தீவுப்பகுதி எங்கும் பெயர் பெற்ற தொழிலாளி. செயலாளர் தமது வார்த்தைகளுக்காக வருந்துகிறார்."

ஒருவரும் சிரிக்கவில்லை. மகேந்திரன் மட்டும் மெல்ல, "ஐயாவை எங்கட நெடுந்தீவிலயும் தெரியும்" என்றான். அது பொய். ஐயா நெடுந்தீவுக்குப் போனதில்லை. என்றாலும் நல்லாய் இருந்தது.

பிறகு விவாதம்.

"நிக்க மனமில்லாதவனைக் கட்டி வைச்சு என்ன செய்யிறது? இரண்டு தெரிவு வாங்கிக்கொண்டு அனுப்புவம்."

"அப்ப நாளைக்கு எல்லாப் பெடியளும் கேப்பாங்கள். கழகமோ, மடமோ?"

"வீட்டு ஏக்கமாம்" என்றான் மகேந்திரன். "எனக்கும்தான் முப்பது வருசமா ஏக்கம். எனக்கு ஆர் ட்ரேட் தந்தது?"

கதிர்காமு அண்ணர் மேசையில் இன்னொரு தட்டுத் தட்டினார்.

"இருந்த இடத்தில இருந்து கை உயர்த்துங்கோ" என்றார் கதிர்காமு அண்ணர். பிடித்து வைக்கிறதற்கு ஐந்து கை. குகன் என்னைப் பார்த்தான். நான் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தேன். அண்ணர் கொஞ்சம் பொறுத்தார். "விடுறதுக்கு?" ஐந்து கை. பிறகு என் கை.

"தவமண்ணை" என்றான் குகன். "அதுக்கு உயர்த்துறியள். அது விடுறதுக்கு."

"தெரியும்."

"நீங்கள்..."

"நான் என்ன?"

அவனால் என்ன சொல்ல ஏலும்? வரியைத் திருத்தி வாக்கை வாங்கினேன் என்று சபையில் சொன்னால், அந்த மன்னிப்பு எதற்கு வந்தது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். கணக்குப் படித்தவன், அதைக் கூட்டிப் பார்க்க அவனுக்கு ஒரு நிமிடம் எடுத்தது. அந்த நிமிடத்தை நான் முழுவதும் பார்த்துக்கொண்டு இருந்தேன். பிறகு குனிந்து, தன் தோல்வியைத் தன் கையாலே கூட்டறிக்கையில் எழுதினான்.

6

காரில் வரும்போது அபிரா என் கையைப் பிடித்தாள். எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று தெரியவில்லை. "உங்களுக்கு அவனில கோபம் எண்டு நினைச்சன் அப்பா. மன்னிச்சு விட்டிட்டீங்கள்." இதைத் தமிழில்தான் சொன்னாள். வசனம் வசனமாக யோசித்துச் சொன்னாள்.

"சீற் பெல்ட்டைப் போடு" என்றேன்.

சில நாளில் கழகம் பெடியனை விட்டது. எங்கள் மகஜரை ஒருவரும் திறந்தும் பார்த்திருக்க மாட்டார்கள். அபிரா தான் தட்டிய கடிதம்தான் அவனை விடவைத்தது என்று நம்புகிறாள். அதன் பிரதியைத் தன் அறைச் சுவரில் ஒட்டி, கீழே என் கையெழுத்தைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறாள். இப்போது சாப்பாட்டு மேசையில் என்னோடு நிறையக் கதைக்கிறாள். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்றுகூடச் சொல்கிறாள். நான் நல்ல மனிசன் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறாள்.

அந்தக் கையை உயர்த்தும்போது பேர்த் பெடியனை நான் ஒரு கணமும் நினைக்கவில்லை. அவன் தாயையும் நினைக்கவில்லை. மகளையும் நினைக்கவில்லை. குகனின் முகத்தை மட்டும் பார்த்தேன். சுழி உண்மையோ பொய்யோ எனக்குத் தெரியாது, அது இப்போது எனக்கு வேண்டியதும் இல்லை. ஓம் என்று சொல்லிவிட்டு மாறினவன் என்பதும் இனி அச்சில் கிடக்கட்டும். ஐயாவின் தொழிலைச் சிரிப்பாக்கி எழுதினது பிழை என்று நீங்கள் அறியவேண்டும், அதற்காக என்னைப் பற்றி உள்ளதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். அதிபர் கேட்ட பிரயோசனம் இதில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அபிராவிடம் இதைச் சொல்லலாம் என்று இரண்டு தரம் அவள் அறை வாசல் வரைக்கும் போனேன். சுவரில் அந்த வட்டத்தைக் கண்டுவிட்டுத் திரும்பி வந்தேன். அவளுக்குத் தமிழ் கேட்டால் விளங்கும், வாசிக்கத் தெரியாது. மலர் வீட்டுக்கு வந்தால் என் படத்தைப் பார்ப்பாள், சிரிப்பாள், வைத்துவிடுவாள்.

குகன் தமிழ் வாசிப்பான். பந்து வாங்கிக் கொடுத்தவர்களுக்கு மலர் தபாலில் வரும், முதல் பிரதி செயலாளருக்கு. வாசிக்கட்டும்.